கடலோரப் பள்ளிக்குப் புதிதாக வந்த ஆசிரியருக்கு: பிள்ளைகளுக்குள் நடக்கும் சீண்டலைக் கையாள்வது எப்படி?

ராமநாதபுரம் மாவட்டத்துக்கு வேலை கிடைத்திருக்கிறது என்றதும், ‘தண்ணியில்லாக் காடாச்சே’ என்று யாராவது பயமுறுத்தியிருப்பார்கள். தண்ணீர்க் கஷ்டம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், ராமேசுவரம் என்று ஒரு பக்கமும், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று இன்னொரு பக்கமும் நீளும் இந்தக் கரையில் எந்தப் பள்ளியில் சேர்ந்தாலும், முதல் மாதத்தில் உங்களைத் திணறடிப்பது வேறொன்று. ‘சார், இவன் என்னைய ஓட்டுறான்’, ‘டீச்சர், பட்டப்பேரு வச்சுக் கூப்புடுறாய்ங்க’ என்று இடைவேளைக்கு இடைவேளை வந்து நிற்கும் பிள்ளைகள். எதைச் சிரித்து அனுப்புவது, எதற்கு உட்கார்ந்து பேசுவது, எதற்குப் போனை எடுப்பது என்பது யாரும் பயிற்சியில் தெளிவாகச் சொல்லித் தருவதில்லை.

நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றே ஒன்று. உங்களிடம் வந்து சொன்ன பிள்ளைக்கு மறுநாள் என்ன நடந்தது? அடி குறைந்ததா, கூடியதா? நீங்கள் எவ்வளவு கோபப்பட்டீர்கள், எத்தனை பேரை முட்டிபோட வைத்தீர்கள் என்பதெல்லாம் அந்தப் பிள்ளைக்குப் பொருட்டே இல்லை. கீழே சொல்லும் ஒவ்வொன்றையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதல் இரண்டு வாரம்: இடத்தைப் படியுங்கள்

நம்மில் பலர் ராமநாதபுரம் டவுனிலோ பரமக்குடியிலோ வீடு பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்து போகிறவர்கள். மணி அடிக்கும் நேரத்துக்கு இறங்குகிறோம், சாயங்காலம் அடுத்த பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறோம். சீண்டல் நடப்பது பெரும்பாலும் நாம் வருவதற்கு முன்னாலும் நாம் போன பின்னாலும்தான். அதனால் முதல் இரண்டு வாரத்தில் ஒரு நாளாவது அரை மணி நேரம் முன்னால் வாருங்கள். ஒரு நாளாவது கடைசி பிள்ளை போகும்வரை இருங்கள். முடிந்தால் பிள்ளைகள் ஏறும் டவுன் பஸ்ஸிலேயே ஒரு தடவை பின்பக்கம் உட்கார்ந்து போங்கள். அந்த ஒரு பயணத்தில் தெரிவது வகுப்பறையில் ஒரு வருஷம் இருந்தாலும் தெரியாது.

எங்கே பார்ப்பது? தண்ணீர்க் குழாய் முதல் இடம். இங்கே தண்ணீர் வருகிற நேரத்துக்குத்தான் வரும், குழாயடியில் யார் முதலில் என்பதில் அதிகாரம் வெளிப்படும். அடுத்தது கழிப்பறைக்குப் போகும் வழி, சுற்றுச்சுவர் இடிந்து கருவேலங்காட்டுக்குள் திறந்துகிடக்கும் பின்பக்கம், சத்துணவு வரிசையின் கடைசி, மாடிப்படித் திருப்பம். பிள்ளைகளிடம் பள்ளியின் வரைபடத்தைத் தோராயமாக ஒரு தாளில் வரைந்து கொடுத்து, ‘தனியா போகப் பிடிக்காத இடத்துல ஒரு பெருக்கல் குறி போடுங்க, பேரு எழுத வேண்டாம்’ என்று சொல்லிப் பாருங்கள். பத்து நிமிட வேலை. முப்பது தாளில் இருபது தாள் ஒரே இடத்தைக் காட்டினால், இடைவேளையில் நீங்கள் டீ குடிக்க வேண்டிய இடம் அதுதான். ஒரு பெரியவர் அங்கே நின்றாலே பாதிப் பிரச்சினை ஒழியும்.

ஆளைப் பொறுத்தவரை, சத்துணவு சமைக்கும் அம்மாவுக்கும், காலை உணவுத் திட்டத்தில் சமைக்க வரும் அக்காக்களுக்கும் தெரியாதது எதுவுமில்லை. யார் தட்டில் இருந்து யார் முட்டையை எடுக்கிறான் என்பது அவர்களுக்கு அத்துப்படி. அவர்களிடம் ‘யாராச்சும் ஒழுங்கா சாப்பிடாம இருக்காங்களாம்மா?’ என்று கேளுங்கள். ‘யார் வம்பு பண்றா?’ என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள். அவர்களும் அதே ஊர்க்காரர்கள்.

விளையாட்டா, சண்டையா, சீண்டலா?

ஸ்வீடனிலும் நார்வேயிலும் 1970களிலிருந்து இதை ஆராய்ந்த டான் ஒல்வேயஸ் மூன்று அடையாளம் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இருவருக்கும் பலம் சமமாக இல்லாதது. உலகம் முழுக்க இன்றைக்கும் இதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். இதில் மூன்றாவதைத்தான் நாம் அடிக்கடி கோட்டை விடுகிறோம். ஒரே உயரம், ஒரே தெரு, ஒரே வாய்த்துடுக்கு உள்ள இரண்டு பேர் மண்ணில் புரண்டால் அது சண்டை. பிரித்துவிட்டு, ஆறவிட்டு, பேச வைக்கலாம். ஐந்து பேர் சேர்ந்து ஒருவனைத் தினமும் பை மாற்றி வைத்து அலையவிட்டால் அது சீண்டல், அதில் ஒரு அடிகூட விழாமல் இருந்தாலும் சரி.

பலம் என்பது உடம்பு மட்டுமில்லை. அப்பா ஊர்த் தலைவரா, எந்தத் தெரு, அண்ணன் பிளஸ் டூ படிக்கிறானா, வீட்டில் எத்தனை படகு, கையில் போன் இருக்கிறதா, எல்லாம் கணக்கில் வரும். ‘சும்மா வெளாட்டுக்குத்தான் சார்’ என்று பதில் வந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘அவனும் உன்னை இப்படி விளையாடுவானா?’ பதில் தேடி முழிப்பார்கள். அதிலேயே உங்களுக்கு விடை கிடைத்துவிடும்.

இந்தக் கரையில் எதை வைத்து ஓட்டுவார்கள்

கறுப்பு, குண்டு, திக்குவாய், கண்ணாடி, பெண்பிள்ளையின் பாவாடையில் பட்ட கறை, நடையும் பேச்சும் மென்மையாக இருக்கும் பையன், ஒருத்தனையும் ஒருத்தியையும் ஜோடி சேர்த்துச் சுவரில் எழுதுவது. இவையெல்லாம் எந்த ஊரிலும் உண்டு, உங்களுக்கே தெரியும். இங்கே மட்டும் உள்ளவற்றைத் தெரிந்துகொள்ளாவிட்டால் கண்ணெதிரே நடப்பதுகூடப் புரியாது.

கவிச்சி வாடை முதலாவது. விடிகாலையில் அம்மாவோடு வாடியில் கருவாடு காயப்போட்டுவிட்டு, அல்லது வலையில் மீன் கழித்துவிட்டு நேரே பள்ளிக்கு வரும் பிள்ளைகள் உண்டு. பக்கத்தில் உட்காராமல் மூக்கைப் பிடிப்பது, பெஞ்சை நகர்த்துவது. சத்தமே இல்லாத சீண்டல் இது. கரையூர்ப் பிள்ளைகளும் கடலை விட்டு உள்ளே இருக்கும் ஊர்ப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் உயர்நிலைப் பள்ளிகளில் இதை அதிகம் பார்க்கலாம். பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் குடும்பத்துப் பெண்பிள்ளைகளுக்கும் இதே கதைதான்.

இலங்கைக் கடற்படையிடம் அப்பா பிடிபட்ட பிள்ளைகள் இரண்டாவது. ராமேசுவரம், தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் பகுதிகளில் இது அடிக்கடி நடப்பது. படகு பிடிபட்ட செய்தி காலையில் வந்தால், பத்து மணிக்கு வகுப்பில் ‘உங்க அப்பா ஜெயில்ல’ என்று ஒரு குரல் கேட்கும். செய்தி வந்த அன்றைக்கே அந்தப் பிள்ளை எந்த வகுப்பு என்று விசாரித்து, வகுப்பாசிரியர் முதல் மணியிலேயே அருகில் போய் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும். அதை எல்லாப் பிள்ளைகளும் பார்த்துவிட்டாலே கிண்டல் அடங்கும். இன்னொன்று, விசைப்படகுக்காரர்களுக்கும் நாட்டுப்படகுக்காரர்களுக்கும் கடலில் வலை அறுந்த தகராறு நடந்தால் அது மறுநாள் எட்டாம் வகுப்பிலும் நடக்கும். பெரியவர்கள் பேசியதை அப்படியே இறக்கி வைக்கிறார்கள், வேறொன்றுமில்லை.

மண்டபம் முகாம் பிள்ளைகள். 2021-இலேயே அரசு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றிவிட்டது. ஆனால் மைதானத்தில் ‘அகதி’ என்ற பழைய சொல்தான் வசையாக ஓடுகிறது. அவர்களுடைய பேச்சைப் பேசிக் காட்டிச் சிரிப்பதும் உண்டு. இதில் ஆசிரியர் சிரித்துவிட்டால் முடிந்தது கதை.

பட்டப்பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. கரையோர ஊர்களில் குடும்பத்துக்கே பட்டப்பெயர் இருக்கும். தாத்தாவுக்கு வைத்த பெயரில் பேரனைக் கூப்பிடுவார்கள், அவனும் பெருமையாகத் திரும்பிப் பார்ப்பான். எல்லாப் பட்டப்பெயரையும் தடை செய்கிறேன் என்று கிளம்பினால் ஊரே சிரிக்கும். அந்தப் பெயரைச் சொல்லும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள், அது போதும்.

சாதி விஷயத்தில் மட்டும் காலண்டர் பார்த்து வேலை செய்யுங்கள். செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் ஜெயந்தி. இந்த இரண்டு தேதிக்கும் இடையே மாவட்டம் முழுக்கக் காவல்துறை விழிப்பாக இருக்கும். பள்ளியும் இருக்க வேண்டும். கையில் புதுக் கலர்க் கயிறு, நோட்டு அட்டையில் புதுப் படம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் புதுப் பாட்டு என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவன் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டது, அவனைப் பள்ளியில் தொடர்ந்து சீண்டியதில் இருந்து வளர்ந்ததுதான். அதன் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம் போன்ற அடையாளங்களைத் தடுப்பது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இல்லாமல் பார்த்துக்கொள்வது, மாணவர்களை அகர வரிசையில் உட்கார வைப்பது என்று பல பரிந்துரைகள் அதில் உண்டு. அகர வரிசை என்பது சின்ன விஷயம்போலத் தெரியும். முதல் நாளே செய்து பாருங்கள். தெருவாரியாகப் பிரிந்து உட்கார்ந்திருந்த வகுப்பு ஒரே வாரத்தில் கலைந்துபோகும்.

முதலில் நம் வாய்

இது கொஞ்சம் கசப்பாக இருக்கும். வகுப்பில் ஓடும் பல பட்டப்பெயர்களின் முதல் சொந்தக்காரர் ஆசிரியர்தான். ‘டேய், தூங்குமூஞ்சி’, ‘நீ கடலுக்குத்தான் லாயக்கு’, ‘அந்தத் தெருப் பசங்கன்னாலே இப்படித்தான்’. நாம் ஒரு தடவை சொல்லி மறந்துவிடுவோம். பிள்ளைகள் அதை வருஷம் முழுக்க ஓட்டுவார்கள், ‘சாரே சொன்னாரு’ என்ற அனுமதியோடு. கடலுக்குப் போகிற பிழைப்பைத் தாழ்த்திச் சொல்லும் எந்த வாக்கியமும் பாதி வகுப்பின் அப்பாக்களைத் திட்டுவதற்குச் சமம்.

உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் சத்தமாக வாசிக்காதீர்கள். ‘இந்தப் பிரிவுப் பிள்ளைகள் எல்லாம் எந்திரிங்க’ என்று சொல்லும் அந்த ஒரு நிமிடத்தில் யார் யார் என்ன சாதி என்பது எல்லோருக்கும் அறிவிப்பாகிவிடுகிறது. எமிஸில் (கல்வித் துறையின் இணையப் பதிவில்) விடுபட்ட விவரம் வேண்டுமா, பிள்ளையைத் தலைமையாசிரியர் அறைக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேளுங்கள். முகாம் பிள்ளைகளின் சான்றிதழ் விஷயத்துக்கும் இதேதான்.

ஒரு பிள்ளை வந்து சொன்னால்

அந்தப் பிள்ளை உங்களிடம் வருவதற்கு முன் பல நாள் யோசித்திருக்கும். அதனால் முதல் பத்து நிமிடம் முக்கியம். நோட்டுத் திருத்தும் கையை நிறுத்துங்கள். மற்றவர்கள் பார்க்காத, ஆனால் கதவு திறந்த ஓர் இடத்துக்கு அழைத்துப் போங்கள். ‘நீ என்ன பண்ணினே?’ என்று தொடங்காதீர்கள். ‘நல்லவேளை சொன்னே. என்ன நடந்துச்சு, முதல்ல இருந்து சொல்லு’ என்றால் போதும். நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ‘நீயும் திருப்பி அடிக்க வேண்டியதுதானே’ என்பது நம் ஊரில் எல்லா மாமாக்களும் சொல்லும் ஆலோசனை. திருப்பி அடிக்க முடிந்திருந்தால் அவன் உங்களிடம் வந்திருக்க மாட்டான்.

‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று சத்தியம் செய்யாதீர்கள். ‘யார் யாருக்குத் தெரியணுமோ அவங்களுக்கு மட்டும் சொல்லுவேன், உன்கிட்டச் சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்’ என்று சொல்லுங்கள். அப்புறம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: ‘இன்னைக்கு வீட்டுக்குப் போறவரைக்கும் எங்கே பயமா இருக்கு?’ பஸ் ஸ்டாப் என்றால் இன்றைக்குப் பஸ் ஸ்டாப் வரை யார் கூடப் போவது என்பதை அப்போதே ஏற்பாடு செய்ய வேண்டும். விசாரணை நாளைக்கு நடக்கலாம். பாதுகாப்பு இன்றைக்கே வேண்டும்.

பிள்ளை போனதும் எழுதிவிடுங்கள். தேதி, இடம், யார் யார், பிள்ளை சொன்ன அதே வார்த்தைகள், பார்த்தவர்கள் பெயர், நீங்கள் என்ன செய்தீர்கள். ‘ஒழுங்கீனமாக நடந்துகொண்டான்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் மூன்று மாதம் கழித்து அதற்கு ஒரு பொருளும் இருக்காது. ‘சாப்பாட்டு வரிசையில் பின்னாலிருந்து சட்டையில் மீன் செதில் ஒட்டினார்கள், மூன்றாவது தடவை’ என்று எழுதுங்கள். அந்த நோட்டு பீரோவுக்குள் இருக்கட்டும், மேசைமேல் வேண்டாம். அன்றே தலைமையாசிரியருக்கும் தெரிவியுங்கள்.

சொல்லாத பிள்ளைகள் சொல்கிறவர்களைவிட அதிகம். தொடர்ந்து திங்கட்கிழமை லீவு, பஸ்ஸை வேண்டுமென்றே விடுவது, பேனா பாக்ஸ் அடிக்கடி ‘தொலைந்துபோவது’, வயிற்றுவலி, நன்றாகப் படித்தவன் கடைசி பெஞ்சில் சுருண்டு உட்காருவது. எட்டாம் வகுப்பு வரை சொந்த ஊரில் படித்துவிட்டு ஒன்பதாம் வகுப்புக்கு வேற ஊர்ப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளை ஜூன், ஜூலையில் தனியாகக் கவனியுங்கள். சின்னக் குப்பத்திலிருந்து இரண்டு மூன்று பேர் மட்டும் பெரிய பள்ளிக்குள் நுழையும்போது அவர்கள்தான் சுலபமான இலக்கு. ‘கடலுக்குப் போறான் சார், படிப்பு ஏறல’ என்று ஒரு பையன் நின்றுவிட்டால், படிப்பு ஏறாததுதான் காரணமா என்று ஒரு தடவை வீட்டுக்குப் போய்க் கேளுங்கள்.

பிள்ளைகள் குறையை எழுதிப் போடும் ‘மாணவர் மனசு’ பெட்டி பள்ளியில் இருக்கும். அது தலைமையாசிரியர் அறை வாசலில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தால் யாரும் தாள் போட மாட்டார்கள். நூலகத்துக்குள்ளோ, பெண்பிள்ளைகள் நடந்துபோகும் வழியிலோ மாற்றி வைக்கச் சொல்லுங்கள். குறிப்பிட்ட நாளில் தவறாமல் திறக்கவும் வேண்டும்.

செய்தவர்களிடம் பேசுவது

அடிக்காதீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் நடைமுறை சார்ந்தது. நீங்கள் அடித்த அடி வட்டியோடு யாருக்குப் போய்ச் சேரும் என்று யோசித்துப் பாருங்கள்.

கூட்டமாகக் கூப்பிட்டு விசாரிப்பதும் வேண்டாம். கும்பலாக நின்றால் ஒருவன் மற்றவனைப் பார்த்துப் பேசுவான். ஸ்வீடனின் அனாட்டோல் பிக்காஸ் என்பவர் உருவாக்கிய முறையில், ஒவ்வொருவரையும் தனித்தனியாக, ஒருவர் பின் ஒருவராக, அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள இடைவெளி தராமல் பார்ப்பார்கள். குற்றம் சாட்டுவதில் தொடங்காமல், ‘அவன் கொஞ்ச நாளா சரியில்லை, உனக்கு என்ன தெரியும்?’ என்று தொடங்குவார்கள். நான் பார்த்தவரை இது இங்கேயும் வேலை செய்கிறது, குறிப்பாகக் கும்பலின் பின்னால் நின்று சிரிக்கிறவர்களிடம். அவர்கள் பாதிப் பேர் தாங்களும் மாட்டக்கூடாதே என்ற பயத்தில்தான் அந்தப் பக்கம் நிற்கிறார்கள்.

ஆனால் தலைவனிடம் மழுப்ப வேண்டாம். என்ன செய்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள், அது நிற்க வேண்டும் என்று சொல்லுங்கள், யார் உங்களிடம் சொன்னார்கள் என்பதை மட்டும் சொல்லாதீர்கள். ‘குழாயடியில் நான் பார்த்தேன்’ என்று சொல்ல வழி இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் முதலிலேயே குழாயடியில் நிற்கச் சொன்னேன். விளைவு அவன் செய்ததோடு தொடர்புடையதாக இருக்கட்டும். நோட்டைக் கிழித்தானா, புது நோட்டில் பாடத்தை எழுதிக் கொடுக்கட்டும். பஸ்ஸில் இடம் மறித்தானா, ஒரு வாரம் முன்பக்கம், கண்டக்டர் பக்கத்தில்.

உடனே இருவரையும் நிற்க வைத்துக் கை குலுக்கச் சொல்வது, ‘சாரி கேளுடா, முடிஞ்சுபோச்சு’ என்பது நமக்குப் பிடித்த பழக்கம். ஐந்து நிமிடத்தில் முடியும், நமக்கும் நிம்மதி. சண்டைக்கு அது சரிதான். சீண்டலில் பலமில்லாதவனை மறுபடியும் சீண்டியவன் முன்னால் நிறுத்தி, மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வைக்கிறோம். மைதானத்தில் அதற்கும் சேர்த்து வாங்குவான்.

சீண்டுகிறவனின் வீட்டையும் விசாரியுங்கள். குடித்துவிட்டு வரும் அப்பாவிடம் தினமும் உதை வாங்குகிறவனாக இருக்கலாம். அது அவன் செய்ததை நியாயமாக்காது, ஆனால் உங்கள் அடுத்த அடியை மாற்றும்.

பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள்

இதில்தான் அதிகப் பலன் இருக்கிறது என்பது என் கருத்து. பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவான கிவா திட்டம் பெருமளவு வேடிக்கை பார்ப்பவர்களை நம்பியே கட்டப்பட்டது. கனடாவில் பள்ளி மைதானங்களைப் படம்பிடித்து 2001இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், உடன் படிக்கும் பிள்ளை குறுக்கிட்டபோது பாதிக்கும் மேற்பட்ட தடவைகளில் 10 விநாடிக்குள் சீண்டல் நின்றுபோனது தெரிந்தது. அதாவது வாத்தியார் ஓடிவருவதற்கு முன்பே.

‘தட்டிக் கேளுங்கள்’ என்று பிரசங்கம் செய்தால் யாரும் கேட்க மாட்டார்கள்; கேட்கிறவனுக்கும் அடி விழும். பயமில்லாமல் செய்யக்கூடிய சின்ன வேலைகளைப் பழக்குங்கள். மாட்டிக்கொண்டவனைப் பார்த்து ‘வாடா, சார் கூப்புடுறாரு’ என்று கையைப் பிடித்து இழுத்து வந்துவிடுவது. சிரிக்காமல் இருப்பது. பக்கத்தில் போய் உட்காருவது. வாட்ஸ்அப்பில் வரும் கேலி ஸ்டிக்கரை அடுத்தவனுக்கு அனுப்பாமல் இருப்பது. ‘சார் கூப்புடுறாரு’ என்று யாராவது ஒருவனை அழைத்து வந்தால், நீங்கள் கூப்பிடவில்லை என்று சொல்லிவிடாதீர்கள்! ‘ஆமா, இந்த சாக்பீஸை எடுத்து வை’ என்று ஒரு வேலை கொடுங்கள். இந்தக் கூட்டணி வகுப்புக்குப் புரிந்துவிட்டால் உங்கள் பாதி வேலை முடிந்தது.

வீட்டுக்குச் சொல்வது, ஊருக்குள் போகாமல் பார்ப்பது

பெற்றோரைக் கூப்பிடும் நாளைக் கடல்தான் முடிவு செய்யும். ராமேசுவரம் பக்கம் விசைப்படகுகள் பெரும்பாலும் திங்கள், புதன், சனியில் போகும், நாட்டுப்படகுகள் மற்ற நாட்களில். எந்தப் படகு என்று பிள்ளையிடம் கேட்டுவிட்டுத் தேதி சொல்லுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால், பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே பெற்றோர் கூட்டத்தை வைத்தால் அப்பாக்களையும் பார்க்கலாம். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் அப்பா வளைகுடா நாட்டில் இருப்பார். அம்மாவிடம் பேசுங்கள், அப்பாவுக்கு ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவும் அனுப்புங்கள். அங்கிருந்து வரும் ஒரு போனுக்குப் பிள்ளைகள் கட்டுப்படுவதைப் பார்க்கலாம்.

இரண்டு வீட்டையும் ஒரே நேரத்தில் வரச் சொல்லாதீர்கள். வாசலில் சந்தித்துக்கொண்டால் அங்கேயே தொடங்கிவிடும். பாதிக்கப்பட்ட பிள்ளையின் வீட்டில் பேசும்போது பெயர்களைக் குறைத்து, பள்ளி என்ன செய்யப்போகிறது என்பதை அதிகமாகச் சொல்லுங்கள். செய்த பிள்ளையின் வீட்டில் ‘உங்க பையன் ரவுடி’ என்று ஆரம்பித்தால் அந்த அம்மா அவனைக் காப்பாற்றத்தான் பேசுவார். ‘அவன் நல்லாப் படிக்கிறான், இது மட்டும் அவனைக் கெடுத்துரும்மா, நீங்க உதவணும்’ என்றால் உங்கள் பக்கம் வருவார். அவனை அடித்துத் தொலைக்க வேண்டாம் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

இந்தக் கரையில் எந்த விஷயமும் ஊர்ப் பிரச்சினையாக மாற அரைநாள் போதும். ஊர்த் தலைவர், ஜமாத், பங்குத்தந்தை என்று பெரியவர்களுக்கு மரியாதையும் செல்வாக்கும் உண்டு. அவர்களைப் பகைக்காதீர்கள். பொதுவான விஷயங்களுக்கு, அதாவது பஸ் ஸ்டாப்பில் பெரிய பையன்கள் நிற்பது, கயிறு கட்டுவது போன்றவற்றுக்கு அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் உடனே நடக்கும். ஆனால் குறிப்பிட்ட பிள்ளையின் பெயரை அங்கே கொண்டுபோகாதீர்கள். அந்த இடத்தில் பள்ளி மேலாண்மைக் குழுதான் சரியானது. சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். அம்மாக்கள் பேச ஆரம்பித்தால் கூட்டத்தின் தொனியே மாறும்.

செல்போன்

பள்ளி விட்ட பிறகு சீண்டல் வாட்ஸ்அப் குரூப்புக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் குடிபெயர்கிறது. ஒருவன் முகத்தை வெட்டி ஸ்டிக்கர் செய்வது, போலிக் கணக்குத் திறப்பது, குரூப்பில் இருந்து ஒருத்தியை மட்டும் நீக்குவது. பிள்ளையிடம் சொல்ல வேண்டியது: பதில் போடாதே, அழிக்காதே, ஸ்கிரீன்ஷாட் எடு, பிளாக் செய், காட்டு. ஒரே ஒரு விதிவிலக்கு. பிள்ளையின் ஆபாசப் படம் என்றால், ஆதாரத்துக்காகக்கூட உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லாதீர்கள், ஆசிரியர் குரூப்பில் போடவே போடாதீர்கள். அதை வைத்திருப்பதும் அனுப்புவதுமே சட்டப்படி குற்றம். போனை அப்படியே பெற்றோரோடு காவல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

பள்ளியோடு நிற்காதவை

சிலவற்றை நாமே பேசித் தீர்க்கக் கூடாது. பாலியல் சீண்டல் எந்த வகையானாலும், செய்தது இன்னொரு மாணவனே ஆனாலும், 2012 போக்சோ சட்டப்படி தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, நிறுவனப் பொறுப்பில் இருப்பவருக்கு ஓர் ஆண்டு வரை. ‘பள்ளிக்குக் கெட்ட பேரு’, ‘பொண்ணு வாழ்க்கை’, ‘ஊருக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்’ என்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் காது கொடுக்காதீர்கள். செய்தவன் 18 வயதுக்குக் கீழ் என்றால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போகும், பெரியவர்கள் சிறைக்கு இல்லை. இதைப் பெற்றோருக்கு விளக்கினால் பதற்றம் கொஞ்சம் குறையும்.

ஆயுதம், எலும்பு முறியும் அளவுக்கு அடி, பணம் பறிப்பு, பட்டியலின, பழங்குடியின மாணவரைச் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது ஆகியவையும் அதே வரிசைதான். கடைசியாகச் சொன்னதற்கு 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது.

‘செத்துப்போகலாம்போல இருக்கு’ என்று ஒரு பிள்ளை சொன்னாலோ எழுதினாலோ, அது நடிப்பா என்று ஆராயாதீர்கள். தனியாக விடாதீர்கள், நேரடியாகக் கேளுங்கள், அன்றே பெற்றோரை வரவழைத்து அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் பேசலாம்.

குழந்தைகள் உதவி எண் 1098, இலவசம், 24 மணி நேரமும். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. இரண்டையும் கரும்பலகையின் ஓரத்தில் பெயிண்டில் எழுதி வையுங்கள். சுவரொட்டியாக ஒட்டினால் உப்புக்காற்றில் ஒரு மாதம்கூட நிற்காது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ராமநாதபுரத்தில் இருக்கிறது. வட்டாரக் கல்வி அலுவலரிடம் எண் வாங்கி உங்கள் போனில் பதிந்துகொள்ளுங்கள். தேவைப்படும் நாளில் தேட நேரம் இருக்காது.

சீண்டுகிறவர் சக ஆசிரியராக இருந்தால்? நடக்கும். முதலில் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள், அசையவில்லை என்றால் 14417. ஓய்வறையில் உங்களோடு டீ குடிக்காமல் போகலாம், அதற்குத் தயாராக இருங்கள்.

மறுநாளும் அதற்குப் பிறகும்

மறுநாள் காலை அந்தப் பிள்ளையைத் தேடிப் போய் ஒரு நொடி பாருங்கள். வகுப்பில் எழுப்பி ‘இப்ப ஒண்ணும் இல்லையே?’ என்று கேட்டுவிடாதீர்கள், அதைவிடக் கொடுமை கிடையாது. முன்பே பேசி வைத்த ஒரு சைகை போதும்: நோட்டைக் கொண்டுவந்து மேசையில் வலப்பக்கம் வைத்தால் சரி, இடப்பக்கம் வைத்தால் பேச வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை, அப்புறம் பள்ளி நீண்ட விடுமுறை முடிந்து திறக்கும் நாளில் ஒரு முறை. அடங்கியதுபோல இருந்த சீண்டல் காலாண்டு விடுமுறைக்குப் பிறகு திரும்ப வருவது வழக்கம். திரும்ப வந்தால் பழைய நோட்டை எடுங்கள். இப்போது அது இரண்டாவது தடவை, தலைமையாசிரியரும் மேலாண்மைக் குழுவும் சேர்ந்து உட்கார வேண்டிய கட்டம்.

‘டி.சி. கொடுத்துருங்க சார், வேற ஸ்கூல்ல சேர்த்துக்குறோம்’ என்று வந்து நிற்பது பெரும்பாலும் அடிபட்ட பிள்ளையின் வீடுதான். உடனே கொடுத்துவிடாதீர்கள், மறுக்கவும் செய்யாதீர்கள். இரண்டு வாரம் அவகாசம் கேட்டு, அந்த இரண்டு வாரத்தில் பஸ், குழாயடி, பெஞ்ச் மூன்றையும் மாற்றிக் காட்டுங்கள். அப்படியும் போகத்தான் வேண்டும் என்றால், போகும் பள்ளியின் தலைமையாசிரியருக்கு நீங்களே ஒரு போன் போட்டு, முதல் வாரம் யாரோடு உட்கார வைப்பது என்பது வரை பேசிவிட்டு டி.சி.யில் கையெழுத்து வாங்குங்கள்.

நீங்களே ஒரு நாள் பொது மாறுதல் கலந்தாய்வில் சொந்த மாவட்டத்துக்குப் போவீர்கள். கிளம்புவதற்கு முன் அந்த நோட்டைத் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். புதிதாக வருகிறவருக்கு, அடுத்த ஜூனில் எந்தெந்தப் பிள்ளைகள் எந்த வகுப்பில் இருப்பார்கள், யாரை யார் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது என்று அரைப்பக்கம் எழுதிக் கொடுங்கள்.